எச்.ஐ.வி. தொற்றுள்ளோரும் காசநோய்த் தடுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையான ஏ.ஆர்.டி. வழங்கும் மையத்துக்கு மருந்து வாங்க வருபவர்களும் அவர்களுடன் துணைக்கு வரும் குடும்பத்தாரும் காசநோயைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி எழுதப்பட்டவை. உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள இப்பக்கம் உதவும்.

எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் காசநோயைப் பற்றித் தனியாக ஏன் அறிந்துகொள்ள வேண்டும்?

எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் உயிரைப் பறிக்கும் நோய்களில் உலக அளவில் முதலிடத்தில் இருப்பது காசநோய். 2023ஆம் ஆண்டில் காசநோயால் இறந்த சுமார் 12.5 லட்சம் பேரில் ஏறத்தாழ 1 லட்சத்து 61 ஆயிரம் பேர் எச்.ஐ.வி. தொற்றும் உடையவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவர்களைக் கொன்றது தடுக்கக்கூடிய, மருந்தால் குணமாகக்கூடிய ஒரு நோய் என்பதுதான் இதில் மனத்தை வருத்துவது.

இந்த இரண்டு நோய்களும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்குத் தாம்பரம் அரசு மருத்துவமனையின் வரலாறே சான்று. மருத்துவர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனைதான், 1990களில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் பலருக்கும் கடைசிப் புகலிடமாயிற்று. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. மூச்சுத் திணறலோடும் எலும்பும் தோலுமாகவும் அங்கே வந்து சேர்ந்தவர்களில் மிகப் பலருக்கு இரண்டு நோய்களும் சேர்ந்தே இருந்தன.

கிருமி உடலில் இருந்தாலே காசநோய் வந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. காசநோய்க் கிருமி காற்றின் வழியாக நுரையீரலுக்குள் நுழைகிறது. பெரும்பாலானவர்களின் உடல் அதை அங்கேயே சுற்றி வளைத்து அடக்கிவைத்துவிடும். கிருமி சாகாது, ஆனால் பெருகவும் செய்யாது. இதை உறங்கும் தொற்று என்கிறோம். இந்நிலையில் இருப்பவருக்கு இருமலோ காய்ச்சலோ இராது. மற்றவருக்கு அவரிடமிருந்து நோய் பரவவும் செய்யாது. இந்தியாவில் இத்தகைய உறங்கும் தொற்று மிகச் சாதாரணம். நெரிசலான பேருந்தில் போய்வரும் எவருக்கும் அது இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

எச்.ஐ.வி. இல்லாதவரிடம் இந்த உறங்கும் தொற்று விழித்தெழுந்து நோயாக மாறும் வாய்ப்பு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை எடுக்காதவரிடமோ ஏறத்தாழ அதே அளவு வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கிருமியை அடக்கிவைக்கும் காவலுக்குத் தேவையான சி.டி.4 அணுக்களைத்தான் எச்.ஐ.வி. அழிக்கிறது என்பதே இதற்குக் காரணம்.

நான் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறேன், சி.டி.4 எண்ணிக்கையும் நன்றாக இருக்கிறது. எனக்கும் ஆபத்து உண்டா?

உங்கள் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் நீங்கிவிடவில்லை. ஏ.ஆர்.டி. சிகிச்சையே காசநோய்க்கு எதிரான மிகப் பெரிய தடுப்பு. அது மட்டுமே நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. இந்தியாவில் 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான அனைவருக்கும் ஏ.ஆர்.டி. தொடங்கப்படுகிறது. எனினும் எஞ்சிய ஆபத்து, எச்.ஐ.வி. தொற்றில்லாத ஒருவருக்கு உள்ளதைவிட அதிகமாகவே இருக்கும். அந்த எஞ்சிய பகுதிக்காகத்தான் தடுப்பு மாத்திரை.

மையத்துக்குப் போகும்போதெல்லாம் அதே நான்கு கேள்விகளைக் கேட்கிறார்கள். எதற்காக?

இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் உடை நனையும்படி வியர்க்கிறதா என்பவையே அந்த நான்கு கேள்விகள். பார்ப்பதற்குச் சடங்கு போலத் தோன்றினாலும், இந்த நோயைத் தொடக்கத்திலேயே பிடிப்பதற்கு நம்மிடம் உள்ள கருவிகளில் இதைவிட எளிமையானது வேறில்லை. நான்குக்கும் 'இல்லை' என்று உண்மையாகப் பதில் சொல்லும் ஒருவருக்கு அப்போது காசநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால் உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'இரண்டு வாரங்களுக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்ற விளம்பரத்தைப் பேருந்து நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களிலும் எல்லோரும் படித்திருப்போம். அந்த இரண்டு வாரக் கணக்கு பொதுமக்களுக்கானது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்கு அது பொருந்தாது. மூன்று நாள் இருமலாக இருந்தாலும், நேற்றுத் தொடங்கிய இருமலாக இருந்தாலும், மையத்தில் சொல்லியாக வேண்டும். 'பனிக் காலத்து இருமல்தான், போய்விடும்' என்று வீட்டிலேயே காத்திருந்து, படுக்கையில் விழுந்த பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சிலர் நேரமாகிவிடும் என்றோ, கூடுதல் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றோ நான்கு கேள்விகளுக்கும் பழக்கத்தில் 'இல்லை' என்று தலையாட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலை புரிகிறது. ஆனால் அந்த ஒரு 'இல்லை'யால் நோய் பல மாதங்கள் முற்றிவிடும்.

குழந்தைகளிடம் இக்கேள்விகள் சற்று மாறும். இருமல், காய்ச்சல் ஆகியவற்றோடு எடை கூடாமல் நின்றுவிட்டதா என்பதும், வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்கேனும் காசநோய் இருக்கிறதா என்பதும் கேட்கப்படும்.

எனக்கு இருமலே இல்லை. பிறகு எப்படி அது காசநோயாக இருக்க முடியும்?

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் காசநோய் வழக்கமான முகத்தோடு வருவதில்லை. நுரையீரலை விட்டுவிட்டுக் கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டியாக வரலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளலாம். வயிற்றிலும், எலும்பிலும், மூளையைச் சூழ்ந்த உறையிலும்கூட வரலாம். நுரையீரலிலேயே இருந்தாலும் சளியில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறையில் தெரியாமல் போகக்கூடும். எக்ஸ்ரே படமும் தெளிவாகவே இருக்கலாம்.

ஆகவே எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்கு சிபிநாட் அல்லது ட்ரூநாட் எனப்படும் மூலக்கூறுப் பரிசோதனையே முதலில் செய்யப்பட வேண்டும். கிருமி இருக்கிறதா என்பதையும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் இவை காட்டிவிடும். 'சளி பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால், எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்து, சளியே வெளிவராத நிலையில் இருப்பவர்களுக்குச் சிறுநீரில் காசநோய்க் கிருமியின் கூறைத் தேடும் லாம் பரிசோதனையும் துணைசெய்யும்.

நோயே இல்லாதபோது நான் ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும்? ஏற்கெனவே சாப்பிடுவது போதாதா?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். மிக நியாயமான கேள்வியும் இதுதான். உடம்பு சரியில்லாதபோது மருந்து சாப்பிடுவதுதான் நம் வழக்கம். நன்றாக இருக்கும்போது ஆறு மாதம் மாத்திரை சாப்பிடு என்றால் மனம் ஒப்புவதில்லை. அதிலும் ஆயுள் முழுவதும் ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இன்னொரு மாத்திரையை நீட்டும்போது அவருக்கு ஏற்படும் சலிப்பை எவரும் குறையாகச் சொல்ல முடியாது.

எனினும் யோசித்துப் பாருங்கள். உறங்கும் கிருமிகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை அடக்க ஐசோனியசிட் என்ற ஒரே மருந்து போதும். அவை விழித்தெழுந்து பெருகிவிட்டால் நான்கு மருந்துகள் தேவைப்படும். ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் நுரையீரல் எவ்வளவு சேதமடையும், வேலை எத்தனை நாள் போகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐவரி கோஸ்ட் நாட்டில் நடந்த டெம்ப்ரானோ என்னும் ஆய்வில், தாமதிக்காமல் ஏ.ஆர்.டி. தொடங்குவதும் ஆறு மாதம் ஐசோனியசிட் கொடுப்பதும் ஒவ்வொன்றும் தனித்தனியே கடும் நோய்களைக் குறைத்தன. அதே பங்கேற்பாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, தடுப்பு மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்ததாக 2017இல் முடிவு வெளியாயிற்று. சி.டி.4 எண்ணிக்கை நல்ல நிலையில் இருந்தவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது. ஆகவே 'எனக்குத்தான் சி.டி.4 நன்றாக இருக்கிறதே' என்பது தடுப்பு மருந்தை மறுக்கக் காரணமாகாது.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாள்தோறும் 300 மி.கி. ஐசோனியசிட், ஆறு மாதங்களுக்கு. நரம்புகளைக் காக்க பைரிடாக்சின் எனப்படும் பி6 வைட்டமின் மாத்திரையும் சேர்த்துத் தரப்படும். இரண்டும் அரசு மையங்களில் இலவசம்.

தொடங்குவதற்கு முன் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் தோல் பரிசோதனை அவசியமா?

அவசியமில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு அப்பரிசோதனை இல்லாமலே தடுப்பு மருந்தைத் தொடங்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். காசநோய் இப்போது இல்லை என்பதை உறுதிசெய்வதுதான் கட்டாயம்.

யாருக்கு இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது?

காசநோய் இருப்பவருக்கும், இருக்கக்கூடும் என்று ஐயப்படும் நிலையில் இருப்பவருக்கும் முதலில் தொடங்கக் கூடாது. ஒரு மருந்தால் அந்த நோயைக் குணப்படுத்த முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகவும் இடம்கொடுக்கும். கல்லீரல் அழற்சி உள்ளவர்கள், நாள்தோறும் மது அருந்துபவர்கள், கை கால்களில் கடுமையான எரிச்சலும் மரமரப்பும் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்வார். குடிப்பழக்கத்தை மறைத்து மருந்து வாங்குவது உங்களுக்கே தீங்காகும். கேட்பவர் தீர்ப்புச் சொல்வதற்காகக் கேட்பதில்லை; உங்கள் கல்லீரலைக் காப்பதற்காகவே கேட்கிறார்.

என்னென்ன பக்க விளைவுகள் வரலாம்?

பெரும்பாலானோருக்கு ஒன்றும் வருவதில்லை. சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றும். பைரிடாக்சின் அளவைச் சரிசெய்தால் அது அடங்கும். கவனிக்க வேண்டியது கல்லீரலை. பசியே இல்லாமல் போதல், தொடர்ந்த குமட்டல், வாந்தி, வயிற்றின் வலப்புற மேற்பகுதியில் வலி, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் மருந்து வாங்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து கொடுத்துக்கொண்டே இந்த மாத்திரையையும் தொடர்வது மிகவும் ஆபத்தானது.

உணவில் ஏதேனும் பத்தியம் உண்டா?

மதுவை அறவே விலக்க வேண்டும். ஐசோனியசிட் மாத்திரை வெறும் வயிற்றில் நன்றாக உடலில் சேரும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சிறிது உணவோடு எடுத்துக்கொள்ளலாம்.

கடலோர மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சூரை மீனைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும் நிலை ஐசோனியசிட் எடுப்பவர்களில் சிலருக்கு ஏற்படும். அம்மீனில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேர்ந்திருக்கக்கூடும்; அதைச் சிதைக்கும் நொதியை இம்மருந்து தடுக்கிறது. இலங்கையில் மருத்துவர்கள் 1970களிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாமல், மருந்து முடியும்வரை சூரையைத் தவிர்த்தால் போதும்.

வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிடும் தடுப்பு மருந்தும் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டின் என்ற மருந்தையும் சேர்த்து, வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரங்கள் எடுக்கும் முறை அது. காசநோய்த் தடுப்பு சிகிச்சைக்கான 2021ஆம் ஆண்டு இந்திய வழிகாட்டி நெறிகளிலும் அது இடம்பெற்றுள்ளது. மொத்தம் பன்னிரண்டே தடவை என்பதால் முடிப்பவர்கள் அதிகம்.

ஆனால் இது எல்லோருக்கும் ஏற்றதன்று. இப்போது பெரும்பாலானவர்கள் எடுக்கும் டோலுடெக்ராவிர் கலந்த ஏ.ஆர்.டி. மாத்திரையுடன் இதைக் கொடுக்கலாம். லோபினாவிர், அட்டசனாவிர் போன்ற எச்.ஐ.வி. மருந்துகளை எடுப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் கவனமாக இருக்க வேண்டும். ரிஃபாபென்டின் அதன் ஆற்றலைக் குறைத்துவிடும் என்பதால் அந்நாட்களில் ஆணுறை போன்ற வேறு வழியும் தேவை. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது மருந்தின் நிறம்தான்.

நடுவில் சில நாள் விட்டுப்போய்விட்டால்?

மறுநாள் இரண்டு மாத்திரைகளாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். வழக்கம்போல் ஒன்றை எடுத்துத் தொடருங்கள். பல நாள் விட்டிருந்தால் மையத்தில் சொல்லுங்கள். நான்கு அறிகுறிகளையும் மறுபடி பார்த்துவிட்டுத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்று சொல்வார்கள். ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கும் நேரத்தோடு இதையும் இணைத்துக்கொண்டவர்களுக்கு மறதி குறைவாக இருப்பதைப் பார்க்கிறோம்.

எனக்கு முன்பே காசநோய் வந்து குணமாகிவிட்டது. இனி வராதல்லவா?

அம்மை போல ஒரு முறை வந்தால் மறுமுறை வராத நோயன்று இது. வெளியிலிருந்து புதிய கிருமி மீண்டும் தொற்றலாம். ஆகவே சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களும் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் என்ன செய்வது?

உடனே மையத்தில் தெரிவித்து, வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோயாளியை ஒதுக்கிவைக்கவோ தட்டையும் தம்ளரையும் தனியாக்கவோ தேவையில்லை. இந்நோய் பாத்திரங்களின் வழியாகப் பரவுவதில்லை. இருமும்போது வாயைத் துணியால் மூடுவதும், சன்னல்களைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருப்பதும், தொடக்க வாரங்களில் அவர் தனி அறையிலோ திண்ணையிலோ படுப்பதும் பயன்தரும். நோயாளியின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையானால் வழக்கமான தடுப்பு மாத்திரை பொருந்தாது என்பதால், அந்த விவரத்தைக் கேட்டுத் தெரிந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை அளிக்கலாம், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வருவதில்லை என்பதை உலகுக்குக் காட்டியதே 1950களின் இறுதியில் சென்னையில் நடந்த ஆய்வுதான். அதை நடத்திய நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

பிறந்த உடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காக்காதா?

அது சிறு குழந்தைகளை மூளை உறைக் காசநோய் போன்ற கடும் வகைகளிலிருந்து காக்கிறது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அதன் பங்கு சிறிது. எச்.ஐ.வி. தொற்று உறுதியான பெரியவர்களுக்கு அதைப் போடுவதில்லை; உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி அது.

காசநோய் உறுதியானால் எந்த மருந்து முதலில்?

காசநோய் மருந்துதான் முதலில். ஏ.ஆர்.டி. இன்னும் தொடங்காதவருக்கு, காசநோய் மருந்து உடலுக்கு ஒத்துக்கொண்டதும் சில வாரங்களுக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கப்படும், மூளை உறைக் காசநோயில் மட்டும் சற்றுத் தள்ளிப்போடுவார்கள். ஏற்கெனவே ஏ.ஆர்.டி. எடுப்பவர் அதை நிறுத்தவே கூடாது. ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுவதால், வழக்கமான ஏ.ஆர்.டி. மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து 50 மி.கி. டோலுடெக்ராவிர் கூடுதலாகத் தரப்படும். இந்த இரண்டாவது மாத்திரையை விட்டுவிட்டால் எச்.ஐ.வி. மறுபடி பெருக வழியாகும்.

ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் திரும்புவதும் நெறிகட்டி பெரிதாவதும் சிலரிடம் நிகழும். மீண்டெழும் எதிர்ப்பாற்றல் கிருமியை எதிர்த்துப் போராடத் தொடங்கியதன் விளைவாகவும் அது இருக்கலாம். மருந்து தோற்றுவிட்டது என்று நீங்களே முடிவுகட்டி நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

காசநோய் என்று பதிவானால் என் எச்.ஐ.வி. நிலை வெளியே தெரிந்துவிடுமோ?

இந்த அச்சத்தாலேயே பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். 2012 முதல் காசநோயைக் கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தகவல் செல்வது சிகிச்சைத் திட்டத்துக்கு. உங்கள் தெருவுக்கோ முதலாளிக்கோ அன்று. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், உங்கள் ஒப்புதலின்றி உங்கள் நிலையை வெளியிடுவதையும், வேலை, மருத்துவம், கல்வி, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் மருத்துவ நிறுவனங்கள் புகார் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. காசநோய் மருந்தையும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே சேர்த்து வாங்கும் ஏற்பாடு இருப்பதால் இரண்டு இடங்களுக்கு அலைய வேண்டியதில்லை.

பண உதவி உண்டா? யாரிடம் கேட்பது?

காசநோய்ச் சிகிச்சை பெறும் காலத்தில் நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் ஊட்டச்சத்துக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அதற்கு முன் 500 ரூபாயாக இருந்தது. எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அருகிலுள்ள நம்பிக்கை மைய ஆலோசகரையும் நேரில் கேட்கலாம்.

ஆறு மாதத் தடுப்பு மருந்தை முடித்துவிட்டேன். இனி என்ன?

முடித்த தேதியை உங்கள் ஏ.ஆர்.டி. சிகிச்சைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வேறு ஊருக்கு மாறினால் அங்குள்ள மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பிறகு வழக்கம்போல் ஏ.ஆர்.டி. தொடரும். அடுத்த முறை மையத்தில் உங்கள் எடையைப் பார்த்துவிட்டு அதே நான்கு கேள்விகளைக் கேட்பார்கள். இருமல் இருந்தால், அது நேற்றுத் தொடங்கியதானாலும், இருக்கிறது என்று சொல்லுங்கள்.